பெரிய பள்ளியை விட்டு வந்தோம்

மகள் கீர்த்தனாவைப் பெயர்பெற்ற பள்ளியில் சேர்ப்பதற்காகவே சைதாப்பேட்டையை விட்டுப் புறநகருக்குக் குடிபோனோம். வீடு பார்த்தது ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலை காலியாக இருந்தது, தூரம் உறைக்கவில்லை. எனக்கும் கணவருக்கும் வேலை தி.நகரில்.

ஒருநாள் மதியம், கீர்த்தனாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆபீசிலிருந்து ஆட்டோ பிடித்தேன். கிண்டியைத் தாண்டவே முடியவில்லை.

"நான் இன்னாம்மா பண்றது, முன்னாடி வண்டி நகரவே மாட்டேங்குது" என்றார் டிரைவர். அழுவதைத் தவிர எனக்கும் வழி தெரியவில்லை.

நல்லவேளையாக, வகுப்பு ஆசிரியை தன் ஸ்கூட்டரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு முடிந்ததும் சைதாப்பேட்டைக்கே திரும்பி, பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்தோம்.

"அவ்ளோ பெரிய ஸ்கூல விட்டுட்டு வந்துட்டியே, அவ படிப்பு இன்னா ஆவறது?" என்றார் மூத்த நாத்தனார்.

"இங்கயும் பாடம்தான் நடத்துறாங்க அண்ணி. கூப்பிட்டா நான் ஓடிப்போய் நிக்க முடியுது. எனக்கு இதான் நல்ல ஸ்கூல்" என்றேன்.

வீடு தேடும் தோழிகளிடம், முதலில் வேலைநாள் காலையில் அந்த வழியில் போய்வரச் சொல்கிறேன். மகள் எந்தப் பள்ளி என்று கேட்பவர்களுக்குப் பெயரைச் சத்தமாகவே சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.