வடகரையில் இழுத்த கோடு

பிள்ளைகளே, நான் படித்தவற்றில் ஒரு படிப்பின் மேல் மட்டும் எனக்கு மதிப்பே வந்ததில்லை. நாளைக்கு நீங்களும் காலேஜுக்குப் போவீர்கள். அதனால் சொல்லி வைக்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். பல்கலைக்கழகத்தார் ராமநாதபுரத்துக்கு வந்து புள்ளிவிவரப் படம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். எண்களைக் கோடாக, பட்டையாக, வட்டமாக வரைந்து காட்டுகிற படிப்பு. தேறுகிறவர்களில் ஒருவருக்கு மண்டபம் கரையில் மீன்வரத்து எழுதுகிற சர்க்கார் வேலை என்றார்கள். எங்கள் அய்யா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். எனக்கோ அலையில் ஏறினாலே குடல் புரட்டும். அந்த வேலையை விட்டால் சொந்த ஊரில் எனக்குப் பிழைப்பில்லை.

விரிவுரையாளர் கோட்டைக் கழற்றாமல் வியர்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். பென்சில் சீவுவதற்கே ஒரு வகுப்பு போயிற்று. தலைப்புக்குக் கீழே இரட்டைக்கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளப்பார். எந்த எண் எங்கே கிடைத்தது, யார் எண்ணினார்கள் என்று மட்டும் கேட்கமாட்டார்.

ஒருநாள் எங்கள் கரை மீன்வரத்தையே கோடாக வரைந்து மாட்டினார். ஆடி மாதத்தில் உச்சிக்கு ஏறிய கோடு, வாடைக்காற்று வீசும் கார்த்திகை மார்கழியில் தரையில் படுத்துவிட்டது.

"இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த மாதங்களில் மீனவர்கள் உழைப்பதில்லை. சோம்பல்!"

பக்கத்தில் இருந்த பரமக்குடிக்காரன் என் விலாவில் இடித்தான். "ஏலே, வருஷத்துல பாதி நாளு படுத்தே கெடப்பீகளோ? கொடுத்து வச்ச சாதி சனம்தான்!"

எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும். ஊரே வள்ளத்தோடு தென்கடலுக்கு மாறிவிடும். காற்று திரும்பினால் மறுபடி வடக்கே வரும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மீன்வரத்து எழுதுகிற சர்க்கார் கொட்டகையோ வடகரையில் மட்டும் இருந்தது. அங்கே எண்ணியதுதான் அந்தக் கோடு.

எழுந்து நின்றேன். "சார், வாடையில நாங்க தெக்க போயிருவோம். அங்கன புடிக்கிற மீன் இந்தக் கணக்குல இல்ல சார்."

"தம்பி, எண் பொய் சொல்லாது. உட்காருங்கள்."

முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. பூம்பூம் மாடு தோற்றுப்போகும்.

பரீட்சையில் அதே எண்களைக் கொடுத்து, படம் வரைந்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். பரமக்குடிக்காரன் "சோம்பல்" என்று எழுதிவிட்டுச் சீக்கிரமே வெளியே போனான். நானும் எழுதியிருக்கலாம். கார்த்திகைக் குளிரில் தென்கரையில் வலை இழுத்துக் கை வெடித்த அய்யாவை வைத்துக்கொண்டு அதை எப்படி எழுதுவது? கோட்டை இழுத்தேன். தரையில் படுத்த இடத்தில், "தென்கரையில் எண்ணுவதற்கு ஆள் போடவில்லை" என்று எழுதினேன்.

தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை: "படம் சுத்தம். விளக்கம் வெறும் ஊகம். தேறவில்லை."

வேலை பரமக்குடிக்காரனுக்குப் போனது. நான் உப்பளத்தில் மேஸ்திரிக்குக் கீழே நின்றேன்.

அந்த வருஷம் வாடை பிறந்ததும், எங்கள் அய்யா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே போகும்போது, ஆளில்லாத வடகரைக் கொட்டகையில் பரமக்குடிக்காரன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். நானும் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

"என்னப்பா, யாருக்குக் காவல்?"

"மீன் வருதான்னு பாக்குறேன், பெரியவரே."

"வாடை அடங்குற வரைக்கும் இங்கன நண்டுகூட ஏறாதேய்யா. அங்கன வா, குவிஞ்சு கெடக்கு."

"எனக்கு இங்கனதானே கொட்டகை போட்டிருக்காக."

"அப்பக் கொட்டகையத் தூக்கிட்டு வா!"

"அதுக்கு மேலயிருந்து உத்தரவு வரணும்" என்றான், சிரிக்காமல். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே, நன்றாகச் சீவிய பென்சிலால் அன்றைக்கும் ஒரு பூஜ்யம் போட்டான். வட்டம் மட்டும் அவ்வளவு அழகு.

அடுத்த வருஷத்து வகுப்பில் அந்தப் பூஜ்யங்களும் கோடாகிப் பலகை ஏறின. "பாருங்கள், இரண்டாம் வருஷமும் அதே சோம்பல்" என்றாராம் விரிவுரையாளர்.