சத்தம் போடாத பிள்ளை

கட்டுகஸ்தோட்டையில் என் விசேட கல்வி வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். டீச்சர் நான் ஒருத்திதான். கத்துகிற, கடிக்கிற பிள்ளைகளைச் சமாளிக்கவே நேரம் போதாது. ஓட்டிசம் உள்ள ஒரு சிறுமி மட்டும் பின்னந்தலையில் கை வைத்தபடி மூலைக் கதிரையில் சத்தமில்லாமல் இருப்பாள். கூட்டிப்போக வரும் அவள் அம்மாவிடம், "உங்க மகள் தங்கம்" என்று தினமும் சொல்வேன். எனக்குத் தொந்தரவு இல்லை, அதைத்தான் அப்படிச் சொன்னேன்.

ஒருநாள் வகுப்பறையைக் கூட்டும்போது அவள் கதிரைக்கடியில் கொத்துக் கொத்தாக முடி கிடந்தது. மறுநாள் அவள் தலை ரிபனை அவிழ்த்துப் பார்த்தால், பின்னந்தலையில் உள்ளங்கை அளவு வெறும் தோல்.

அம்மாவிடம் காட்டினேன். அவர் அதிரவில்லை.

"வீட்டுலயும் பிய்க்கிறா டீச்சர். ஸ்கூல்ல தங்கமா இருக்கிறவ வீட்டுல கொழுப்பெடுத்துப் பிய்க்கிறான்னு நெனச்சு, தினமும் அடிச்சேன்."