இன்னொரு இட்லி

அடுகோடி முனை, காலை ஏழு மணி. பெயிண்டர்கள் பிரஷ்ஷும் பட்டித் தகடுமாக வேலைக்கு நிற்கிறார்கள். ஓசூர் பஸ் வரும்வரை நான் தள்ளுவண்டியில் இட்லி சாப்பிடுகிறேன். பக்கத்தில் சாப்பிடும் இளைஞன் ஜெகன் இலங்கை அகதி. தமிழ்நாட்டு முகாமிலிருந்து எல்லை தாண்டி இங்கே பெயிண்ட் வேலைக்கு வந்தவன்.

"இவங்க வந்ததுலேர்ந்து எம் புள்ளைக்கு வேலையே இல்ல சார்," என்கிறாள் இட்லிக்கார அம்மா, அவன் காதில் விழும்படியே. அவள் மகனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான்.

மேஸ்திரி ஸ்கூட்டரை நிறுத்தி நேரே ஜெகனிடம் வருகிறார். "மூணு மாச வேல, பெரிய பில்டிங். இன்னிக்கே வரணும்."

ஜெகன் முடியாது என்று தலையசைக்கிறான். மேஸ்திரி அம்மாவின் மகனை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

"ஏன் விட்டீங்க?" என்கிறேன்.

"நாளைக்கு முகாமில ஆள் எண்ணுறாங்கள் அண்ணை. நான் அங்க நிக்காட்டில் பேரை வெட்டிப் போடுவாங்கள். பிறகு வீட்டுக்கு அவங்கள் குடுக்கிற அரிசி குறையும்."

அரிசி வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். வேலை வேண்டுமென்றால் அரிசியை விட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

அம்மா கேட்காமலே ஜெகனின் தட்டில் இன்னொரு இட்லி வைத்துச் சட்னி ஊற்றுகிறாள். "சாப்பிடுப்பா, ஊருக்குப் போறவன்."

ஜெகன் என் பக்கம் குனிகிறான். "ஆறு மாசமா இங்கதான் சாப்பிடுறன் அண்ணை. இண்டைக்குத்தான் இப்பிடி வைக்கிறா."