அலவத்துகொட பஸ்லினாவும் பொருந்தாத கார்டும்

அந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கியபோது, அது தன் கணினிக்குள் போகுமா என்று பஸ்லினா யாரிடமும் கேட்கவில்லை. தம்பி ரஸீனின் கூட்டாளி ஒருவன் கட்டாருக்குப் போவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். படம் கீறுகிற வேலைக்கு நல்ல கார்டு என்று ரஸீன் சொன்னான், வாங்கிவிட்டாள். பத்து வருடப் பழசு. செங்கல் கனம், இரண்டு விசிறி. வீட்டுக்கு வந்து கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கார்டு பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது.

பஸ்லினாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கலியாணத்துக்கு முன்பு கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பு முடித்தவள். அந்தக் காலத்தில் எல்லாம் கையால்தான். மை பேனாவால் மயிரிழைக் கோடு இழுக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பிறகு கலியாணம், இரண்டு பெண் பிள்ளைகள் என்று பதினைந்து வருடம் ஒரு கோடும் கீறவில்லை. சின்னவளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், ஏதோ ஒரு கந்தோரில் வேலைக்குப் பாவித்துக் கழித்துவிட்ட மெல்லிய கணினி ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். பிளானை விரித்தால் ஆண்கள் தலையை ஆட்டுவார்கள். வீட்டில் நாள் முழுக்க நடமாடப் போகிற பெண்கள் பேசாமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்கள். கோடுகள் அவர்களுக்கு விளங்குவதில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம். அதனால் வீட்டைத் திரையில் முழு உருவமாக எழுப்பி, வாசலால் உள்ளே நுழைந்து பார்ப்பதுபோல் காட்டப் பழகிக்கொண்டாள். சின்ன வீடு என்றால் கணினி எப்படியோ இழுத்தது. ஆஸியா உம்மாவின் வீட்டைக் கீறும்போதுதான் படுத்துவிட்டது.

ஆஸியா உம்மா அதே தெருவில் இருப்பவர், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருடம் மாமனார் கட்டிய இருட்டுக் குசினியில் சமைத்தவர். இப்போது மகன்மார் அந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அத்திவாரம் முடிந்துவிட்டது. சுவர் எழும்புவதற்கு முன்பு ஒரு தடவை குசினியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். சுவர் கட்டும் மேசன் பாஸ் கொடுத்த தவணை மூன்று கிழமை. பஸ்லினா படத்தைத் திருப்பினால் திரை உறைந்து நின்றது. அறையை விட்டுப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் அதே மூலையில்தான் நிற்கும்.

கார்டை ஒரு துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் மர்சூக் என்பவரின் கணினிக் கடைக்குப் போனாள்.

"இது ஒங்கட மெஷினுக்குச் செட்டாகாது ராத்தா," என்றார் மர்சூக். "புதுசா ஒண்டு எடுங்க."

"ஏன் செட்டாகாது?"

"ஆகாது ராத்தா."

"அது விளங்கிச்சி. ஏன் எண்டு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

மர்சூக் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவளுடைய கணினியைத் திறந்து காட்டினார். கார்டைச் செருக நீளமான ஸ்லொட் வேண்டும். அவளுடைய மதர்போர்டில் இருப்பது குட்டை ஸ்லொட். சரி, மதர்போர்டை மாற்றலாம் என்றால், அவளுடைய ப்ரொசசரும் பழையது, ராமும் பழைய இனம். இப்போது வருகிற போர்டுகளில் இரண்டும் உட்காராது. உட்காரக்கூடிய போர்டை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை.

"அப்ப எனக்குத் தேவ பழைய போர்ட். இந்த ப்ரொசசர் இருக்கிற, இந்த ராம் போற, நீள ஸ்லொட் ஈக்கிற போர்ட்," என்றாள் பஸ்லினா.

"அப்பிடி ஒண்டு கெடச்சா நான் பெட்டியும் பவர் சப்ளையும் பழசுல போட்டுத் தாரேன்," என்றார் மர்சூக். கிடைக்காது என்ற நம்பிக்கையில் சொன்னது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த பத்து நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள். கண்டி டவுனில் ஒரு கடையையும் விடவில்லை. ஒரு கடையில் போர்ட் இருந்தது, ப்ரொசசர் உட்காரும் இடம் வேறு. இன்னொன்றில் எல்லாம் சரி, நீள ஸ்லொட்டின் ஓரம் உடைந்திருந்தது. பேராதனைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் போனில் "ஈக்கிது, வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் ராம் வேறு இனம். ஒவ்வொரு கடையிலும் துவாயைப் பிரித்து, கார்டை எடுத்து வைத்து, "வாயால சொல்லாதீங்க, வச்சிக் காட்டுங்க," என்பாள்.

கணவர் அரூஸ் அக்குறணையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், பொறுமையான மனிதர். அவரும் ஒரு நாள் கேட்டுவிட்டார்: "விட்டுட்டு ஆஸியா உம்மாட மகன்மாருக்குப் பிளான மட்டும் குடுத்தா என்ன?"

"குடுத்தா அவங்க தலைய ஆட்டுவாங்க. உம்மா பேசாம இருப்பாங்க. சொவர் எழும்பிரும்," என்றாள் பஸ்லினா.

பதினோராவது நாள் நிரஞ்சனியின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்; கல்லூரியில் ஒரே மேசையில் இருந்து கீறியவள். இப்போது கண்டியில் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினிக் கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறாள். பஸ்லினா போன் எடுத்து மூன்று தேவைகளையும் வாசித்தாள்.

"ஓம், அந்தக் காலத்துப் போர்டுகள் எங்களிட்டயும் இருந்தது. எல்லாம் கழிச்சாச்சு," என்றாள் நிரஞ்சனி. "கொஞ்சம் பொறும். கலகெதரையில நஸீப் எண்டு ஒருத்தர் கழிச்ச மெஷின் எடுக்கிறவர். நம்பர் தாறன். ஆனா பாத்து வாங்கும், பஸ்லினா. சரியோ?"

நஸீப்பின் கடைப் பின்புறத்தில் மதர்போர்டுகள் அப்பளம்போல் அடுக்கியிருந்தன. அரை மணித்தியாலம் கிளறி அவளே ஒன்றை உருவி எடுத்தாள். நீள ஸ்லொட். துவாயைப் பிரித்து கார்டை வைத்தாள். 'டிக்' என்று இறங்கியது. கையோடு கழற்றிக் கொண்டுவந்திருந்த ராமும் போனது. ப்ரொசசர் உட்காரும் இடத்தின் மூடியைத் திறந்தவள் நிமிர்ந்தாள். உள்ளே ஆயிரத்துக்கு மேல் நுண்ணிய பின்கள். ஒரு மூலையில் மூன்று பின்கள் மடிந்து கிடந்தன.

"அது செத்த போர்ட், ராத்தா," என்றார் நஸீப். "வேணும்னா சும்மா கொண்டு போங்க."

"ஊசி ஈக்குதா?"

"என்னது?"

"தைக்கிற ஊசி. பூதக்கண்ணாடி ஒண்டும்."

நஸீப் வீட்டுக்குள் போய் மனைவியின் தையல் பெட்டியையே கொண்டுவந்தார். பஸ்லினா வாசலில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து ஒரு மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஊசி முனையால் முதல் பின்னைத் தொட்டாள். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் முறிந்துவிடும். தொட்டாள், விட்டாள், பார்த்தாள், மறுபடி தொட்டாள். தெருவில் குருநாகல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு பின் நிமிர்ந்தன. மூன்றாவது பாதி நிமிர்ந்தபோது முனை முறிந்து ஊசியோடு வந்துவிட்டது.

"போச்சி," என்றார் நஸீப்.

"ஒண்டுதானே போச்சி," என்றாள் பஸ்லினா. எழுந்து போர்டைத் துவாயில் சுற்றினாள்.

மர்சூக் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பழைய பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் பூட்டி, கார்டுக்குத் தனியாகப் போகும் பவர் வயரையும் செருகி, சுவிட்சைப் போட்டார். விசிறிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. பஸ்லினா கடையிலிருந்தே நிரஞ்சனிக்குப் போன் எடுத்தாள்.

"முறிஞ்ச பின் ராமுக்குப் போறதா இருக்கும்," என்றாள் நிரஞ்சனி. "ரெண்டு ராமையும் கழட்டும். ஒண்டை மட்டும் மற்ற ஸ்லொட்டில போட்டுப் பாரும்."

மர்சூக் மாற்றிப் போட்டார். ஒரு 'பீப்' சத்தம். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் பஸ்லினா. மர்சூக் சிரித்தார். "ராத்தா, இனி யாராவது பழைய போர்ட் கேட்டா ஒங்கட நம்பரத்தான் குடுப்பேன்."

மறுநாள் காலை ஆஸியா உம்மா வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பஸ்லினா மௌஸை நகர்த்த, வாசல் திறந்தது, ஹால் கடந்தது, குசினி வந்தது. படம் எங்கும் நிற்கவில்லை. ஆஸியா உம்மா வாயில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். மூன்று தடவை சுற்றிக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இதுல நான் எங்க இருந்து தேங்கா திருவுற, மகள்?"

பஸ்லினா பார்த்தாள். நான்கு பக்கமும் உயரமான மேடை. திருவலகையைப் போட்டு உட்கார ஒரு முழ இடம் இல்லை. மேடையை ஒரு பக்கம் குறைத்தாள். "அடுப்பு இஞ்சால வரட்டும். புகை எனக்குப் போதும்," என்றார் உம்மா. அடுப்பை நகர்த்தினாள். பின்வாசலை இரண்டு அடி தள்ளினாள். கேட்க வெட்கப்பட்டு முப்பத்தைந்து வருடம் வைத்திருந்ததையெல்லாம் ஆஸியா உம்மா ஒரு காலைக்குள் கேட்டு முடித்தார். கேட்டது ஒவ்வொன்றும் அந்த இடத்திலேயே மாறியது.

மேசன் பாஸ் புதுப் பிளானைப் பார்த்து முணுமுணுத்தார். ஆனால் பின்வாசல் கல்லை இன்னும் வைத்திருக்கவில்லை. வியாழக்கிழமை குசினிச் சுவர் எழும்பத் தொடங்கியது. அன்று பின்னேரம் ஆஸியா உம்மாவின் மூத்த மருமகள் பஸ்லினாவின் வாசலில் வந்து நின்றாள். மாடியில் தனக்கு வரப்போகிற அறையைத் தானும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள்.