தோற்கப் போன கோல்கீப்பர்

1. ஓடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை

கிராணி ஐயா காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு, "ஓடத் தெரிஞ்சவன்லாம் கையத் தூக்குங்கடா" என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. அதுவரை நேராக நின்றவர்கள்கூட ஒரு காலை மடக்கிக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் நல்ல ஆரோக்கியமான மனிதர். அவர் திடீரென்று இருமத் தொடங்கி, பிறகு நிறுத்த முடியாமல் உண்மையாகவே கஷ்டப்பட்டார்.

ஆலையில் தேயிலை உருட்டும் ரோலிங் ரூமில் இப்போது வேலை செய்யும் தம்பிகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். அது ஜப்பான்காரன் ஆண்ட காலம். சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்று கீழே தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். திடமான ஆள் என்று கண்ணில் பட்டால் போதும். அதில் ஒரு தோட்டத்தில் இருந்த என் அண்ணன் நல்ல திடம். அவர் போன பிறகு ஒரு சேதியும் இல்லை. அதனால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் அத்தனை பேரும் கொள்கை முடிவாக நோயாளிகளாக இருந்தோம்.

கிராணி என்றால் எஸ்டேட் ஆபீஸ் கணக்கப்பிள்ளை. எங்கள் கிராணி மெலிந்த மனிதர், எப்போதும் சளி பிடித்தவர், ஆனால் மூளைக்குச் சளி பிடித்ததே இல்லை. கூட்டம் கலைந்ததும் எங்களில் பதினோரு பேரை ஆபீஸுக்குப் பின்னால் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாவில் இப்போது இருக்கும் ஜப்பான் துரைக்குப் பந்தாட்டப் பைத்தியம். தானா ராத்தா டவுனில் அனைத்துலகப் போட்டி நடத்தப் போகிறாராம். மூன்று நாடுகள். ஊர் மலாய்க்காரர்கள் மலாயா அணி. பிரிஞ்சாங் காய்கறித் தோட்டத்துச் சீனர்கள் சீன அணி. நாங்கள் இந்தியா.

எங்களில் பாதிப் பேர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நான் பிறந்தது ஈப்போ பக்கத்தில். அதைச் சொன்னேன். "அவனும்தான் சைனாவப் பாக்கல, முட்டக்கோஸத்தான் பாத்திருக்கான்" என்றார் கிராணி. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பந்தாட்டம்னு சொல்லி நல்ல காலாப் பாத்துப் பொறுக்கப் போறான். ஜெயிச்ச டீமு நேரா சயாம்தான்லா. அதனால தோக்கணும். ஆனா தோக்கப் பாடுபடுறது தெரியக் கூடாது. தெரிஞ்சா அறைவான்."

என்னைக் கோல்கீப்பராகப் போட்டார். அங்கேதான் எனக்குக் கவலை வந்தது. அப்போது ஆலையில் என் வேலை தேயிலைக் கொழுந்து மூட்டை இறக்குவது. லோரி மேலே நிற்பவர் மூட்டையைத் தூக்கிப் போடுவார், நான் கீழே நின்று பிடிக்க வேண்டும். மூட்டை தரையில் விழுந்தால் கொழுந்து நசுங்கும், நசுங்கினால் காய வைக்கிற மாடிக்குப் போவதற்குள் சிவந்துவிடும். அப்புறம் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் வாயில் நான் நசுங்க வேண்டும். வருஷக் கணக்கில் செய்ததில், மேலிருந்து எது வந்தாலும் என் கை என்னைக் கேட்காமலே போய்ப் பிடிக்கும். ஒருமுறை கோழியைப் பிடித்திருக்கிறேன். கிராணியிடம் இதைச் சொன்னேன்.

"கையப் பின்னால கட்டிக்கோ" என்றார்.

2. வெளிநாட்டில் உபசாரம்

எஸ்டேட் கேட்டில் பாஸ் காட்டி, விடாத தூறலில் தானா ராத்தாவுக்கு நடந்தோம். எங்களில் பாதிப் பேருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் அது. கால் முழுக்க அட்டை.

வந்த அணிகளை நன்றாக உபசரிக்க வேண்டும் என்று ஜப்பான் துரையின் உத்தரவு. அதற்காக ஓர் ஆட்டையும் ஒரு மூட்டை அரிசியையும் காதர் பாயிடம் கொடுத்திருந்தார்கள். பாய் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த இராமநாதபுரத்துக்காரர். கடையில் அரிசியைக் கண்டு நாளாகிவிட்டதால் மரவள்ளிக் கிழங்கையே பத்து விதமாகச் சமைத்து, பத்துக்கும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர். இந்தியாவிலிருந்து அணி வருகிறது என்று சொன்னதும் அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கட்டிப் பிடித்தார்.

"ஊர்லேருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீக. கப்பல்ல வாந்தி கீந்தி எடுத்தீகளா?" என்று கேட்டார்.

எங்களைப் பல முறை பார்த்தவர்தான். கிராணியும் முகம் மாறாமல், கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்தது என்றார். அதற்குப் பிறகு பாய் எங்களை எஸ்டேட்காரர்களாகப் பார்க்கவே மறுத்துவிட்டார். ஊரில் மழை உண்டா, கண்மாய் நிறைந்ததா என்று விசாரித்தார். நன்றாகப் பெய்தது, இந்த வருஷம் விளைச்சலுக்குக் குறைவில்லை என்று நான் உறுதி கொடுத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்துக் கடை நாவிதர் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குச் சும்மாவே சவரம் செய்துவிட்டார்.

பிறகு சோறு வந்தது. வெள்ளைச் சோறு, ஆட்டுக் கறி, உருளைக்கிழங்கு. கிராணி எங்கள் காதோடு, "நல்லாத் தின்னுங்கடா, வயிறு நெறஞ்சவன் ஓட மாட்டான்" என்றார். மேலிடத்து உத்தரவு ஒன்றை நாங்கள் மனப்பூர்வமாக நிறைவேற்றியது அன்றுதான். முதல் தட்டு பசிக்கு. இரண்டாவது ருசிக்கு. மூன்றாவது முழுக்க முழுக்கத் திட்டத்துக்காக. இடையில் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த மேசையில் சீன அணித் தலைவன் ஆ கியோங் நான்காவது தட்டில் இருந்தான். அந்தப் பக்கம் மலாயா அணித் தலைவரான தபால்காரர் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் கறி இன்னும் இருந்ததால் யோசிக்கவில்லை.

3. மூன்று நாடுகளும் ஒரே யோசனையும்

முதல் ஆட்டம் எங்களுக்கும் மலாயாவுக்கும். ஜப்பான் துரையே ரெஃப்ரி. விசில் ஊதியதும் தபால்காரர் பந்தை எங்கள் ஆளிடம் கொடுத்தார். எங்கள் ஆள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். தபால்காரர் யாரும் தொடாமலே தடுக்கி விழுந்தார். எங்களில் இரண்டு பேர் அவருக்குத் துணையாக விழுந்தார்கள். தோற்பதில் எங்களுக்கு அனுபவம் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் பந்தைத் தன்னுடைய கோலை நோக்கியே உருட்டிவிட, அவர்களுடைய கோல்கீப்பர் அந்த நேரம் பார்த்து வானத்தில் மழை வருமா என்று பார்த்தார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். மலாயா அணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது, ஆனால் நடையில் ஒரு துள்ளல். எங்களுக்கு வயிற்றில் இருந்த சோறு கல்லாகிவிட்டது. காதர் பாய் ஒருவர்தான் மைதானத்துக்குள் ஓடி வந்து, இந்தியா ஜெயித்துவிட்டது என்று கண்ணீர் விட்டார். அவருக்கு ஆறுதல் சொல்வதா, எங்களுக்குச் சொல்லச் சொல்வதா என்று தெரியவில்லை.

இறுதி ஆட்டம் சீனாவோடு. பந்து நடுவில் கிடந்தது. ஆ கியோங் எங்கள் ஆளைப் பார்த்து, "லு டூலு" என்றான், நீ முதலில் என்று. எங்கள் ஆள் இல்லையில்லை, நீங்கள்தான் என்றார். இப்படி இரண்டு நாடுகளும் கல்யாணப் பந்தி மாதிரி உபசரித்துக்கொண்டே நின்றதில் பந்துக்கு மேல் பனி இறங்கிவிட்டது.

ஜப்பான் துரை பொறுத்துப் பார்த்தார். பிறகு "பகேரோ", முட்டாள்களே, என்று கத்தி விசிலைத் தரையில் அடித்தார். பந்தை அவரே தூக்கி வந்து என் கோலுக்கு முன்னால் வைத்தார். எப்படி உதைப்பது என்று காட்டப் போகிறாராம்.

4. என் கை செய்த காரியம்

இந்தப் பந்து உள்ளே போயே ஆக வேண்டும். பிடித்தால் துரைக்கு அவமானம், அறை நிச்சயம். அதோடு திடமான ஆள் என்றும் பெயராகிவிடும், சயாமும் நிச்சயம். அண்ணன் ஞாபகம் வந்தது. கோலுக்குப் பின்னாலிருந்து கிராணி மெதுவாகச் சொன்னார்.

"குனிஞ்சு கும்புடு போட்ரு. பந்து தலைக்கு மேல போயிரும். மரியாதையும் ஆச்சு, தோல்வியும் ஆச்சு."

அந்தக் காலத்தில் ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பு மடியக் குனிந்தே ஆக வேண்டும், ஆகையால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் ஓடி வந்தார். நான் குனிந்தேன். என் கால் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டே, பின்னால் பந்து விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை கனப்பது தெரிந்தது. உடம்பு குனிந்தபடி இருக்க, இரண்டு கையும் தலைக்கு மேலே நீண்டு பந்தைப் பிடித்திருந்தன. கொழுந்து மூட்டையைப் பிடிக்கிற அதே பிடி, நசுங்காமல்.

துரை என்னைப் பார்த்தார். "லாகி" என்றார். மறுபடியும் என்று அர்த்தம்.

மறுபடியும் பிடித்தேன். இடது பக்கம் உதைத்தார், கை இடது பக்கம் போனது. கண்ணை மூடிக்கொண்டேன், கண் இல்லாமலே பிடித்தது. துரை சட்டையைக் கழற்றினார். பின்னால் கிராணி எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை முடித்துவிட்டுத் தெரியாதவற்றுக்குப் போயிருந்தார். கடைசியில் ஒரு பந்து கோலுக்கு மேலாகப் பறந்து, கீழே தேயிலைச் சரிவில் உருண்டு மறைந்தது. மலை முழுவதற்கும் இருந்தது அந்த ஒரே பந்துதான். மூன்று நாடுகளும் சேர்ந்து சரிவில் இறங்கித் தேடின. கிடைத்தபோது ஆட்டம் முடிக்கிற வெளிச்சம் இல்லை.

துரை புல்லில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இதோ அறை என்று தோன்றியது. அவர் மூச்சு வாங்கச் சிரித்தார். தன் சிகரெட்டை நீட்டினார். நான் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை. அதையும் பிடித்தேன். கிராணியைக் கூப்பிட்டு, அரைகுறை மலாயில், இவன் எங்கும் போகக் கூடாது, ஒவ்வொரு ஞாயிறும் நான் உதைப்பேன், இவன் பிடிப்பான் என்றார்.

5. லோரி வந்த நாள்

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து லோரி வந்தது. எல்லாரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். பெண்கள் லயத்து வீடுகளின் வாசலில் நின்று அழுதார்கள். இருமல்காரர் இருமினார், ஆனால் அன்று அதைக் கேட்க ஆள் இல்லை. சரிவிலிருந்து இறங்கி வந்த ஜப்பான் துரை, லோரியோடு வந்தவனிடம் என்னைக் காட்டி, இவனை விட்டுவிடு, பந்தாட்டத்துக்கு வேண்டும் என்றார். பிறகு கிராணியைப் பார்த்து, பந்தாட்டத்துக்கு வேறு யார் வேண்டும், எத்தனை பேர் என்று கேட்டார்.

பதினொன்று என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். கிராணி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட பதினொண்ணு, தொரை. எதிர்ல ஆட சீனாவும் மலாயாவும் வேணும். பந்து ஒண்ணுதான் இருக்கு, சரிவுல போனா அன்னிக்கு மாதிரி இருட்டிரும். அதனால தேயிலையில நிரைக்கு ஒரு ஆள் நிக்கணும்."

துரை மலையைத் திரும்பிப் பார்த்தார். நிரை நிரையாகத் தேயிலை கீழே ஓடை வரைக்கும் இறங்கியது. அந்தப் பந்து உருண்ட தூரத்தை அவர் மறந்திருக்கவில்லை. "பாகுஸ்" என்றார், நல்லது என்று. லோரி ஒரு ஆளையும் ஏற்றாமல், எங்கள் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு போனது.

ஜப்பான்காரன் போகும் வரை ஒவ்வொரு ஞாயிறும் எஸ்டேட் ஆண்கள் எல்லாரும் தேயிலைக்குள் நிரைக்கு ஒருவராக நின்றார்கள். துரை உதைப்பார், நான் பிடிப்பேன். பந்து எப்போதாவதுதான் கீழே போகும். போகும்போது அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பாய்வார்கள். இறுதி ஆட்டம் மட்டும் இன்னும் முடியவில்லை.

என் அண்ணன் திரும்பி வரவில்லை. அவர் இருந்த ரப்பர் தோட்டம் சமதரை. அங்கே பந்து உருண்டாலும் பக்கத்திலேயே நிற்கும், பொறுக்கிப் போட ஒரு ஆள் போதும்.

ஆகவே தம்பிகளே, இத்தனை வருஷ வேலையில் நான் கற்றது ஒன்றுதான். ஒரு வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று மேலே இருப்பவர் கேட்டால், கூசாமல் கூட்டிச் சொல்லுங்கள். நீங்கள் கூட்டிச் சொல்லும் அந்த ஒரு ஆள் யாரோ ஒருவனுடைய அண்ணன்.