தோற்க ஆள் தேவை

பள்ளிக்கூடத்துச் செய்தி எழுதுகிற வேலை இருக்கிறதே, செய்தி பேப்பரில் வந்தால் தலைமையாசிரியருக்குப் பெருமை, வராவிட்டால் எழுதினவனுக்கு ஏச்சு. ஆண்டுவிழா அறிக்கை எழுதி மாட்டிக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழ் மாஷ், அதாவது வாத்தியார். அத்தனை மலையாள வகுப்புகளுக்கு நடுவே தமிழுக்கென்று ஒரே ஒரு டிவிஷன்; சின்னதும் பெரிசுமாக எல்லாப் பிள்ளைகளும் அதில்தான். ஜூனில் பள்ளி திறந்த ஆறாம் நாள் கல்வி அதிகாரி வந்து பிள்ளைகளைத் தலையெண்ணுவார். தலை குறைந்தால் டிவிஷன் போச்சு. பிள்ளைகள் மலையாள வகுப்புக்குப் போவார்கள், என்னை வேறு ஊருக்குத் தூக்கியடிப்பார்கள். எங்கள் டிவிஷனோ வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. பள்ளியின் பெருமை பேப்பரில் வந்தால் பெற்றோர் தேடி வருவார்கள் என்று நம்பிய தலைமையாசிரியர், செய்தி எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

*சாதனைக்குப் பஞ்சம்*

முதல் வருஷம் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. ஃபுட்பாலில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டோம். அறிவியல் கண்காட்சிக்குக் பக்கத்துக் கும்பளங்கியிலிருந்து வரும் மீனவப் பிள்ளைகள், மீன் பிடிக்கிற சீனவலை மாடல் ஒன்று செய்தார்கள். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் தொட்டியில் விட்டிருந்த மீனையெல்லாம் நடுவர் வருவதற்குள் பிடித்து, கறி வைக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

இதை எப்படி எழுதுவது? “பல துன்பங்களுக்கிடையே அமைதியாகப் பணியாற்றிய நம் பள்ளியை யாரும் மறக்க மாட்டார்கள்” என்று மலையாளத்தில் ஒரு மாதிரி ஒப்பேற்றினேன். தலைமையாசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு, எனக்காக வைத்திருக்கும் தமிழில் சொன்னார்: “மாஷே, இது வாயிச்சா ஸ்கூல் மரிச்சுபோன மாதிரி உண்டல்லோ. நாளைக்கு ஆளுக சவத்துக்கு வைக்கிற ரீத்தோட வரும்!”

*கண் கலங்கிய நடுவர்*

அடுத்த வருஷம் யூத் ஃபெஸ்டிவல் வந்தது. அதில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தல் என்று ஒரு போட்டி உண்டு. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் தமிழ் டிவிஷன் எங்களுக்கு மட்டும்தான். அதனால் போட்டிக்கு வந்ததும் எங்கள் செல்வி மட்டும்தான். ஏழாம் வகுப்பு. குரல் தேன், ஞாபகசக்தி மோர். நடுவராகப் பள்ளுருத்தியிலிருந்து ஒரு மலையாள டீச்சர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டத் தெரியும்.

செல்வி இரண்டு வரி கணீரென்று பாடினாள். மூன்றாவது வரி மறந்துபோனது. ஆனாலும் ராகத்தை விடவில்லை. தெருப் பைப்படியில் அவள் அம்மா தினமும் போடுகிற சண்டையை அப்படியே எடுத்து விட்டாள். “எங்கொடத்த நகத்தி வெச்சவளே, நாளைக்கு வாடி, ஒன்னப் பாத்துக்கிறேன்” என்று கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, இழுத்து இழுத்துப் பாடி முடித்தாள். சிரிப்பை அடக்க நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்: “அர்த்தம் முழுவனும் பிடி கிட்டியில்ல மாஷே. பக்ஷே, எந்தொரு பக்தி!”

*அந்த இன்னொரு பிள்ளை*

முதல் பரிசு. படத்தோடு பேப்பரில் வந்தது. போட்டியில் எத்தனை பேர் என்று நான் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் செல்வியின் அப்பா சுடலைமுத்து வந்தார். பஜாரில் சுக்கு மூட்டை தூக்குகிறவர். அவர் உள்ளே வந்ததும் அறையே சுக்கு மணத்தது. பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தார். “சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? ரெண்டாவது வந்த புள்ள யாரு? பாவம், அதுக்கும் ஒரு முட்டாய் வாங்கிக் குடுக்கலாமுன்னு” என்றார்.

அந்த மனுஷனிடம் எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வேறு பிள்ளையே வரவில்லை என்றேன். ஜூனில் தலை குறைந்தால் தமிழ் டிவிஷனே இருக்காது என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. தோள் துண்டை உதறி எழுந்தார்: “ஆளில்லாத ரோட்டுல ஓடியா சாரே எம் பொண்ணு ஜெயிச்சா? நாணக்கேடு! ஜூன் மாசம் வரட்டும். தோக்குறதுக்கு ஆளு நான் கொண்டுவாரேன்.”

*தலையெண்ணும் நாள்*

அந்த நாளில் பள்ளிக்குப் பள்ளி ஒரு தொழில் நடக்கும். தலை குறைந்தால் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதிகாரிகளுக்கும் இது தெரியும். அந்த ஜூனில் எங்களிடம் வந்தவர் அந்தக் கடன் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர். எனக்கோ பள்ளி திறப்பதற்கு முந்தின இரவெல்லாம் தூக்கமில்லை. இந்தப் பள்ளியை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனசில்லை.

ஆனால் சுடலைமுத்து சொன்னதைச் செய்துவிட்டார். பள்ளி திறந்த அன்றே, மூட்டை தூக்கும் கூட்டாளிகள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் டிவிஷனில் சேர்த்திருந்தார். ஆறாம் நாள் வகுப்பு நிறைந்து வழிந்தது. அதிகாரிக்கு உடனே சந்தேகம். போன வருஷத்தைவிட இவ்வளவு கூடுதலா? முன் பெஞ்சில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணை எழுப்பி, எதற்காக இந்த வகுப்பில் சேர்ந்தாய் என்று மலையாளத்தில் கேட்டார். சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றும் அவளிடம் இல்லை.

அவள் பின் பெஞ்சில் இருந்த செல்வியைக் கை காட்டி, “அந்தச் சேச்சியைத் தோக்கடிக்க” என்றாள். வகுப்பு முழுக்க “நானும், நானும்” என்று கை தூக்கியது. செல்வி முறைத்தாள். அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்: “கடம் வாங்கின குட்டிகள் இங்ஙனெ பறயில்ல மாஷே. ஒப்பிடாம்!”

டிவிஷன் பிழைத்தது, ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் பள்ளியில் செய்யுள் போட்டி முடிந்ததும், தோற்ற பிள்ளைகளின் அம்மாமார் கூட்டமாக ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்னைக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட எந்தப் பேப்பரும் அச்சில் போடாது.