தைராய்டு யாருக்கு?

ரயில்வே கேட்டில் யாராவது தூங்குவார்களா? நான் தூங்கினேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே!

சித்திரை வெயில். பாடம் நடத்தி முடித்து வீடு திரும்பும்போது அரியலூரில் கேட் போட்டிருந்தார்கள். ஹெல்மெட்டோடு ஹேண்டில்பாரில் சாய்ந்தேன். ரயில் போனது, கேட் திறந்தது... எதுவும் தெரியாது. பின்னால் நின்ற சிமென்ட் லாரி டிரைவர் இறங்கி வந்து, "யக்கா, உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் விழித்தேன்.

நியாயமான கேள்வி. கொஞ்ச நாளாக எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். "நீ நடக்கிறதே இல்ல. காலையில வாக்கிங் போ, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் – சோபாவில் படுத்துக்கொண்டு.

"தைராய்டா இருக்கும், பாத்துடுங்க டீச்சர்" என்றார் உடன் வேலை செய்யும் மல்லிகா. நானும் வீட்டுக்காரரும் பெரம்பலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்க்கும்போது, இவர் மெல்ல, "மேடம், ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுங்களா?" என்றார்.

டாக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். உப்பிய முகம். கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை.

"பகல்ல தூக்கம் வருமா சார்?"

"கடையிலயே வருங்க."

"வெயிட் போட்டிருக்கா?"

என் சமையல்தான் காரணம் என்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

ரிசல்ட் வந்தது. எனக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். "இப்ப மாத்திரை வேணாம்மா. நல்லா தூங்குங்க, ஆறு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம்." அவருக்கோ சந்தேகமே இல்லை – தைராய்டு! தினமும் மாத்திரை.

திரும்பும் பஸ்ஸில் பிரமோஷன் கிடைத்தவர் மாதிரி எல்லோருக்கும் போன் போட்டார். மீன்சுருட்டியிலிருந்து மாமியார் என்னிடம் பேசினார். "எம்புள்ளய வேலை கீலை வாங்காத தாயி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர். சோர்ந்து விழுந்தது நான்... வியாதி மட்டும் அவருக்கா?

ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு சட்டம் இருந்தது. வெறும் வயிற்றில் போட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் காபி கூடாது. இவருக்கோ ஆறரைக்குக் காபி இறங்கியாக வேண்டும். அப்படியானால்? ஐந்தரைக்கே எழுந்தாக வேண்டும்!

முதல் நாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தார். அதற்கடுத்த நாள், வழக்கம்போல் நாலரைக்கே எழுந்து நான் அடுப்படியில் இருக்கும்போது வந்து நின்றார்.

"சும்மா உக்காந்திருக்க முடியல. அந்தத் தேங்காயக் குடு, நான் துருவுறேன். நீ போய்ப் படு."

காதில் விழுந்தது நிஜமா? தேங்காயை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். தேங்காயில் தொடங்கியவர் தண்ணீர் பிடித்தார், பாத்திரம் கழுவினார், சட்னியும் அரைத்தார். பெயின்ட் கடைக்காரர் அல்லவா – கொத்தமல்லி போதாது, நிறம் வெளுப்பாக இருக்கிறது என்று வருத்தப்பட்டார்! நான் எழுந்தபோது எனக்கும் சேர்த்துக் காபி போட்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம். எனக்கு எல்லாம் நார்மல். கேட்டில் தூங்குவதும் நின்றுவிட்டது.

"சில பேருக்குத் தானாவே இறங்கிடும்" என்ற டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "ஆனா ஆளே தெளிவா இருக்கீங்களே! வேற ஏதும் மருந்து சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். மாத்திரை அவருதான் சாப்பிடுறாரு... எனக்குக் கேக்குது!"